ஒரே டீம்ல ரெண்டு ரெய்டர், ரெண்டு பேருக்குள்ளயும் போட்டி – இத அணைக்கணுமா, இல்ல பயன்படுத்தலாமா?

மூணாறு தலைப்பு எழுதியது:

வணக்கம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்து கிராமம் நமக்கு. ஊர்ப் பசங்க கபடி டீம பாத்துக்கிறேன், சர்டிஃபிகேட் வாங்குன கோச் இல்ல, முன்னாடி ஆடுனவன், இப்ப சாயங்காலமான்னா பசங்கள சேத்து ஆட விடுறேன். சம்பா அறுப்பு முடிஞ்சதும் தை மாசிலேந்து சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் டோர்னமெண்ட் வரிசையா வரும், அதுக்கு கூட்டிட்டுப் போறதும் நான்தான்.

டீம்ல நல்ல ரெய்டர், அதாவது எதிர் பக்கம் பாடிட்டுப் போய் ஆள தொட்டுட்டு வர்றவன், ரெண்டு பேரு. ஒருத்தன் கையால தொட்டுட்டு வர்றதுல கெட்டிக்காரன். இன்னொருத்தனுக்கு கால் நீளம், கார்னர்ல, அதாவது ஓரத்துல நிக்கிறவன் அசந்தா போதும், கால போட்டுட்டு வந்துடுவான். வேற வேற தெரு பசங்க, ஆனா சின்ன வயசுலேந்து ஒண்ணா ஆடுனவங்க. இந்த வருஷம் ரெண்டு பேருக்குள்ளயும் பேச்சுவார்த்தையே இல்ல. காரணம் வேற ஒண்ணும் இல்ல, இப்ப எந்த ஊருக்குப் போனாலும் கோப்பையோட சேத்து சிறந்த ரெய்டர், சிறந்த பிடின்னு தனி ஆளுக்கும் பரிசு வைக்கிறாங்க, ஃபேன், சைக்கிள், ரொக்கம்னு. மைக்ல வேற ஒவ்வொரு பாயிண்டுக்கும் பையன் பேர சொல்லி சொல்லி ஏத்தி விடுறாங்க. ஆட்டம் முடிஞ்சு வண்டில வரும்போது ஜெயிச்சமா தோத்தமாங்கிறது ரெண்டாவது, உனக்கு எத்தன எனக்கு எத்தனங்கிறதுதான் முதல் கணக்கா இருக்கு.

போன டோர்னமெண்ட்ல நடந்தத சொல்றேன், கபடி தெரிஞ்சவங்களுக்கு உடனே புரியும். அரை இறுதி, ரெண்டாவது பாதி. எங்க ஆளு நாலு பேர் வெளிய உக்காந்திருக்காங்க, எதிர் டீம்ல ஆறு பேர் உள்ள நிக்கிறாங்க. எங்க கால்காரன் பாடப் போனான். போனஸ் கோட்ட தாண்டி கால வச்சான், ஒரு பாயிண்ட், திரும்பிட்டான். அடுத்த தடவ போனான், மறுபடியும் போனஸ். கூட்டம் கைதட்டுது, மைக்ல அவன் பேரு. ஆனா போனஸுக்கு வெளிய இருக்குற ஆளு உள்ள வர முடியாது, தொட்டாத்தான் ஒருத்தன் எந்திரிச்சு உள்ள வர முடியும். அந்த நாலு பேரும் உக்காந்தது உக்காந்தபடிதான். கொஞ்ச நேரத்துல மிச்சம் இருந்தவங்களும் அவுட்டாகி லோனா (மொத்த டீமும் அவுட்) விழுந்துச்சு, அதுக்கு மேல எழ முடியல.

இன்னொண்ணு. கைல தொடுறவன் இருக்கானே, அவன் பிடிக்கு நிக்கும்போது செயினுக்கு, அதாவது பக்கத்துல நிக்கிறவனோட கை கோத்து ரெய்டர மடக்குறதுக்கு, கையே குடுக்க மாட்டேங்குறான். பிடில போய் அவுட்டாயிட்டா தனக்கு ரெய்டு போயிடும்ல, அதுக்குத்தான் ஒதுங்கி நிக்கிறான். பக்கத்துல நிக்கிற சின்னப் பையன் தனியா பாஞ்சு அவுட்டாகுறான்.

என் கேள்வி இதுதான். இந்தப் போட்டிய அணைச்சுடணுமா? ஒருத்தன உக்கார வச்சா சரியாகுமா? ஒரு பையனோட அப்பா என்ன சொல்றாருன்னா, போட்டி இருந்தாதான் பய முன்னுக்கு வருவான், நீங்க தண்ணி ஊத்தாதீங்கன்னு. அவர் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல, ரெண்டு பேரோட ரெய்டும் போன வருஷத்த விட இப்ப நல்லாத்தான் இருக்கு. இதப் பத்தி படிச்சவங்க, ஆடுனவங்க சொல்லுங்க.


வலது கார்னர் எழுதியது:

அண்ணே, நான் ஒரத்தநாடு பக்கம், ரொம்ப வருஷம் கார்னர்ல நின்னவன். ஒருத்தன உக்கார வைக்கிற வேலைய மட்டும் பண்ணிடாதீங்க. உக்கார வச்ச பயலுக்கு தான் பண்ணது தப்புன்னு படாது, இவனுக்காக நம்மள உக்கார வச்சுட்டாங்கன்னுதான் படும். அப்பறம் தெருவுக்குள்ள பேச்சாகும், உங்களுக்கு தெரியாததா.

நான் பாத்த வரைக்கும் பசங்க கெட்டவங்க இல்ல, எத எண்ணுறமோ அதத்தான் பசங்க ஆடுவாங்க. 2014ல ப்ரோ கபடி வந்ததுலேந்து டிவில சூப்பர் டென் (ரெய்டுல பத்து பாயிண்ட்), ஹை ஃபைவ் (பிடில அஞ்சு பாயிண்ட்)னு ஒரு ஆளோட கணக்கத்தான் பெருசா காட்டுறாங்க, நம்ம பசங்க அதப் பாத்து வளந்தவங்க. அதுல போனஸ் ஒரு பாயிண்டு, டச்சும் ஒரு பாயிண்டு, ரெண்டும் ஒரே எடை. ஆனா நாலு பேர் வெளிய உக்காந்திருக்கும்போது அந்த ரெண்டும் ஒரே எடையா? டச்சுல வர்ற ஒரு பாயிண்டுக்கு நம்ம ஆளு ஒருத்தன் உள்ள வர்றான், அவன் ஆளு ஒருத்தன் வெளிய போறான். கணக்குப் பாத்தா ஆடுகளத்துல ரெண்டு ஆளு வித்தியாசம்.

அதனால நீங்க ஒரு நோட்டு போடுங்க. யாரு எத்தன பாயிண்டுன்னு எழுதாதீங்க, யாரு எத்தன பேர உள்ள கொண்டாந்தான்னு எழுதுங்க. பிடியில முதல்ல கணுக்கால புடிச்சவன் பேர மட்டும் எழுதாம, செயின்ல யாரு யாரு கை குடுத்தாங்க, பின்னாடி வந்து யாரு மறிச்சாங்க, அத்தன பேரையும் எழுதுங்க. ஆட்டம் முடிஞ்சதும் வண்டில ஏறுறதுக்கு முன்னாடி அத சத்தமா படிங்க. எங்க வாத்தியார் இப்படித்தான் பண்ணுவாரு. அவரு வாயிலேந்து நம்ம பேரு வரணும்னே செயினுக்கு ஓடுவோம். போட்டி அப்பவும் இருந்துச்சு அண்ணே, கை குடுக்குறதுல போட்டியா மாறிடுச்சு, அவ்வளவுதான்.


தஞ்சை மாணவி எழுதியது:

நான் தஞ்சாவூர்ல சைக்காலஜி முதுகலை படிக்கிறேன், கபடி ஆடுனதில்ல, தம்பி ஆடுவான். மேல அண்ணா சொன்னதுக்கு பின்னாடி ரொம்ப பழைய ஆராய்ச்சி எல்லாம் இருக்கு, தெரிஞ்சத எழுதுறேன்.

போட்டி இருந்தா நல்லா ஆடுவாங்கன்னு சொல்றவங்க எல்லாரும் 1898ல நார்மன் ட்ரிப்லெட் பண்ண ஆராய்ச்சியத்தான் காட்டுவாங்க. சைக்கிள் பந்தயத்துல தனியா ஓட்டுறத விட கூட ஆளோட ஓட்டும்போது வேகம் கூடுதுங்கிறத கவனிச்சு, அப்பறம் சின்னப் பசங்கள தூண்டில் நூல் சுத்துற ரீல சுத்த விட்டுப் பாத்தாரு. ஆனா அந்த முடிவ பாதியோட நிறுத்திட்டுத்தான் எல்லாரும் சொல்றாங்க. பசங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் போட்டியில வேகம் கூடுச்சு, கால்வாசிப் பேருக்கு பெரிய மாற்றம் இல்ல, இன்னொரு கால்வாசிப் பேர் பதட்டத்துல முன்னை விட மோசமா சுத்துனாங்க. அதனால அந்த அப்பா சொல்றது அவரு பையனுக்கு சரியா இருக்கலாம், அந்த செயின்ல நிக்கிற சின்னப் பையனுக்கு சரியா இருக்கணும்னு இல்ல.

அப்பறம் 1949ல மார்ட்டன் டாய்ச் ஒரு விஷயம் சொன்னாரு. நீ ஜெயிச்சா நான் ஜெயிக்கிற வாய்ப்பு கூடுதா குறையுதா, அதுதான் கேள்வின்னாரு. கூடுச்சுன்னா தானாவே ஒருத்தருக்கொருத்தர் உதவுவாங்க, குறைஞ்சுதுன்னா நல்ல மனுஷனா இருந்தாலும் மறைப்பான், ஒதுங்குவான். இத நம்ம கபடில வச்சுப் பாத்தா எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, ஏன்னா கபடி விதியே இவன் தொட்டா அவன் எந்திரிச்சு வரலாம்னுதான இருக்கு. ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தனுக்கு உசுரு. அதுக்கு மேல சிறந்த ரெய்டர்னு ஒரே ஒரு சைக்கிள வச்சா, ஒருத்தனுக்கு கெடச்சா இன்னொருத்தனுக்கு இல்லன்னு ஆகிடுது. விளையாட்டோட விதி ஒரு பக்கம் இழுக்குது, பரிசு இன்னொரு பக்கம் இழுக்குது, நடுவுல பசங்க.

செயின் விஷயத்துக்கு இன்னொண்ணு. மேக்ஸ் ரிங்கல்மான்னு ஒரு பிரெஞ்சுக்காரர், விவசாய இன்ஜினியர். ஆளுங்கள கயிறு இழுக்க விட்டு அளந்தாரு, 1913ல வெளியிட்டாரு. ஆளு கூடக் கூட ஒவ்வொருத்தரும் தனியா இழுக்குற அளவுக்கு இழுக்கறதில்லன்னு கண்டுபிடிச்சாரு. சரி, ஆளு அதிகமானா இழுப்பு ஒண்ணா சேராதுல, அதனால இருக்கும்னு நினைக்கலாம். 1974ல ஆலன் இங்காம் குழு அதையும் சோதிச்சாங்க, ஒருத்தர் கண்ண கட்டி முன்னாடி நிறுத்திட்டு பின்னாடி ஆளுங்க இழுக்குற மாதிரி நடிச்சாங்க, உண்மையா இழுத்தது அவர் ஒருத்தர்தான். அப்பவும், பின்னாடி ஆளு இருக்குன்னு நினைச்ச உடனே அவரோட இழுப்பு குறைஞ்சிருக்கு. 1979ல லாட்டனேவும் கூட இருந்தவங்களும் கைதட்டல், சத்தம் போடுறதுன்னு வச்சுப் பாத்தாங்க, அதே கதை. ஆனா அதுக்கடுத்து அவங்க பண்ண சோதனைலதான் முக்கியமான விஷயம் இருக்கு, தன்னோட சத்தம் தனியா அளக்கப்படுதுன்னு ஒருத்தருக்கு தெரிஞ்சா இந்தக் குறைவு காணாம போயிடுது. வலது கார்னர் அண்ணா சொன்ன நோட்டு அதத்தான் பண்ணுது. செயின்ல கை குடுத்தவன் பேரு எங்கயும் வராதுன்னா அவன் ஏன் பாயணும்.


பாமணி ஆத்தங்கரை எழுதியது:

எல்லாரும் போட்டிய வில்லனாக்குற மாதிரி இருக்கு, எனக்கு ஒப்புக்க முடியல. நான் மன்னார்குடில ஆடுனவன். எங்க டீம்ல என் இடத்துக்கு இன்னொருத்தன் காத்துட்டு இருந்தான், அவன் இல்லன்னா நான் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடியிருக்கவே மாட்டேன். நல்ல ரெய்டர் ரெண்டு பேர் ஒரே ஊர்ல கெடைக்கிறது பெரிய விஷயம்ங்க, அத சமாதானம் பண்ணி மந்தமாக்கிடாதீங்க.

போட்டியும் பாசமும் ஒண்ணா இருக்க முடியாதுன்னு யாரு சொன்னா? டோக்கியோ ஒலிம்பிக்ல, 2021 ஆகஸ்ட் 1, உயரம் தாண்டுறதுல கத்தார் பார்ஷிமும் இத்தாலி தம்பேரியும் ரெண்டு பேரும் 2.37 மீட்டர் தாண்டுனாங்க, 2.39ல ரெண்டு பேரும் மூணு தடவையும் விழுந்துட்டாங்க. இன்னொரு சுத்து தாண்டி ஒருத்தர முடிவு பண்ணலாம்னு அதிகாரி சொல்லும்போதே பார்ஷிம் ரெண்டு தங்கம் குடுக்க முடியுமான்னு கேட்டாரு, முடியும்னு சொன்னதும் ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதாங்க. ரெண்டு பேரும் வருஷக்கணக்கா எதிர் எதிரா தாண்டுனவங்க, ரெண்டு பேருமே கணுக்கால் அடிபட்டு மீண்டு வந்தவங்க. எதிராளியோட வலி எதிராளிக்குத்தான் தெரியும்.

என் யோசனை, பயிற்சில அந்த ரெண்டு பேரையும் எதிர் எதிர் டீம்ல போட்டு முட்ட விடுங்க. வேகம் எல்லாம் அங்க தீந்துடும். டோர்னமெண்ட்ல ஒண்ணா நிப்பாங்க.


கடைமடை எழுதியது:

திருத்துறைப்பூண்டி பக்கத்துலேந்து எழுதுறேன். ஸ்கூல் பொண்ணுங்களுக்கு கபடி சொல்லிக் குடுக்குறேன், அதனால இந்தப் பேச்சுல சும்மா இருக்க முடியல.

பாமணி ஆத்தங்கரை தம்பிக்கு, அந்த ஒலிம்பிக் ஆட்டத்த நானும் பாத்து கண்கலங்குனேன். ஆனா உயரம் தாண்டுறதுல பார்ஷிம் தாண்டும்போது தம்பேரி கை குடுக்க வேண்டியதில்ல. கபடில ரெய்டு ஒத்த ஆளு வேலைதான், பிடி அப்படி இல்ல, பக்கத்துல நிக்கிறவ விரல புடிச்சிருக்கா இல்லையாங்கிறதுல ஆட்டமே போயிடும். எங்க பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு தைரியம் கம்மி, செயின்ல நிக்கும்போது மணிக்கட்ட இறுக்கிப் புடின்னு சொல்லிட்டே இருப்பேன், விரல் நுனில புடிச்சா ரெய்டர் நடுவுல பூந்து கிழிச்சுட்டுப் போயிடுவா. அவ இறுக்கிப் புடிக்க ஆரம்பிச்சது பக்கத்துல நிக்கிறவ மேல நம்பிக்கை வந்ததுக்கு அப்பறம்தான்.

பேச்சுவார்த்தை இல்லன்னு மூணாறு தலைப்பு அண்ணன் கவலப்படுறாரு. அதுக்கு மட்டும் ரொம்ப பயப்பட வேணாம். 1960 ரோம் ஒலிம்பிக்ல எட்டு பேர் துடுப்பு போடுற படகுப் போட்டில ஜெர்மனி தங்கம் வாங்குச்சு. அந்தப் படகுல இருந்த ஹான்ஸ் லெங்க்ங்கிறவர் பின்னாடி தத்துவப் பேராசிரியர் ஆனாரு, படகுக்குள்ள சண்டையும் கோஷ்டியும் இருந்துச்சு, ஆனாலும் ஜெயிச்சோம்னு அவரே எழுதுனாரு. மனசால ஒட்டுறது வேற, வேலைல ஒட்டுறது வேற, ஆல்பர்ட் கேரன்னு கனடாக்காரர் இத ரெண்டா பிரிச்சு அளக்குறதுக்கே ஒரு கேள்வித்தாள் செஞ்சாரு. உங்க பசங்க மாமன் மச்சானா இருக்கணும்னு இல்ல, செயின் போடும்போது கை வந்தா போதும். பேச்சு தானா வந்தா வரட்டும்.

ஆனா அவங்கள எதிர் எதிரா போட்டு முட்ட விடுங்கன்னு தம்பி சொன்னாருல, அத மட்டும் செய்யாதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். ரெண்டு பேரும் வேற வேற தெருன்னு அண்ணன் ஒரு வரில எழுதிட்டுப் போயிட்டாரு, நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். மேத்யூ லோன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் உத்தரப் பிரதேச கிராமத்துல கிரிக்கெட் லீக் நடத்திப் பாத்தாரு, 2021ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூல வந்துச்சு. வேற வேற சாதி இளைஞர்கள சீட்டுக் குலுக்குற மாதிரி பிரிச்சு சில பேர ஒரே டீம்ல போட்டாரு, சில பேர எதிர் டீம்ல. ஒரே டீம்ல ஆடுனவங்களுக்கு மத்த சாதில நண்பர்கள் கூடுனாங்க, தன் ஆளுக்கே சாதகம் பாக்குறது குறைஞ்சுது. எதிர் எதிரா ஆடுனவங்க கிட்ட பெரும்பாலும் அதுக்கு நேர்மாறு. ஒரே மைதானம், ஒரே பந்து, ஆனா யார் பக்கத்துல நின்னோம்கிறதுல பலன் மாறிப் போச்சு. மொத்தத்துல பாத்தா லீக்ல ஆடுனதே நல்லதுதான்னும் அந்த ஆராய்ச்சி சொல்லுது, அதனால விளையாட்டயே பயப்பட வேணாம்.

அதனால பயிற்சில எப்பவும் அந்த ரெண்டு பேரும் ஒரே பக்கம், அதுலயும் செயின்ல பக்கத்து பக்கத்துல. மூணே பேர் பிடிக்கு நின்னு ரெய்டர மடக்குனா சூப்பர் டேக்கிள், ஒரு பாயிண்ட் கூட. அந்தப் பயிற்சிய குடுங்க, மூணுல ரெண்டு பேரு இவங்க, மூணாவது அந்த சின்னப் பையன். எதிர்ல நல்லா பாடுற வெளியூர் பையன் யாரையாவது கூப்பிட்டு விடுங்க. அவன மடக்கணும்னா கை கோத்தே ஆகணும், வேற வழியே கெடையாது. ஆத்துல தண்ணி கம்மியா வர்ற வருஷம் முறை வச்சு பாய்ச்சிக்கிறமே, அப்ப யாரும் யாருக்கும் புத்தி சொல்றதில்ல, தண்ணி கடைசி வயல் வரைக்கும் போகணும்னா மடை தொறக்குற நேரத்த எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும், அந்த மாதிரி.


பாமணி ஆத்தங்கரை எழுதியது:

அக்கா, தெரு விஷயத்த நான் அந்தக் கோணத்துல யோசிக்கல, நீங்க சொன்னது சரி, எங்க ஊர்லயும் கபடில ஆரம்பிச்சு கைகலப்பு வரைக்கும் போயிருக்கு, அதுவும் எதிர் எதிர் டீம்லதான். ஆனா எப்பவும் ஒரே பக்கம்னா அவங்களுக்குள்ள அளந்து பாக்க ஒண்ணுமே இல்லாம போயிடுமே. ரெய்டு பயிற்சி தனித்தனியா வைங்க, ஒரே பிடி டீம் மேல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாடட்டும், ஆளு மேல ஆளு மோதாம திறமை மட்டும் மோதும்.


கடைமடை எழுதியது:

அது நல்ல யோசனை தம்பி. கூடவே ஒண்ணு சேருங்க, வெளிய மூணு பேர் உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்கிட்டே பாடச் சொல்லுங்க. உண்மையாவே மூணு பசங்கள ஓரமா உக்கார வைங்க. ரெய்டர் தொட்டுட்டு வந்தா ஒருத்தன் எந்திரிச்சு உள்ள ஓடி வரணும். அவன் எந்திரிச்சு வர்றத பாடுற பையன் கண்ணால பாக்கணும்.


மூணாறு தலைப்பு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் போட லேட்டாயிடுச்சு, இடைல ரெண்டு டோர்னமெண்ட் வந்துடுச்சு.

நோட்டு போட்டுட்டேன். முதல் நாள் படிச்சப்ப பசங்க ஒரு மாதிரி பாத்தாங்க, ஆனா அந்த சின்னப் பையன் பேரு செயின் கணக்குல அதிகம் வந்துச்சு, அவன் அப்பறம் வண்டில உக்காந்து வந்த தோரணையே வேற. கைல தொடுறவன் இப்ப செயினுக்கு கை குடுக்குறான், முழுசா இல்ல, ஆட்டம் இறுகும்போது பழையபடி ஒதுங்கத்தான் பாக்குறான். அத நான் அவங்கிட்ட தனியாத்தான் சொல்றேன், கூட்டத்துல சொல்றதில்ல. கால்காரன் மாறிட்டான்னுதான் சொல்லணும். போன வாரம் வலங்கைமான் பக்கம் ஒரு ஆட்டத்துல மூணு பேர் வெளிய இருக்கும்போது போனஸுக்கு கோடு தொறந்து கெடந்துச்சு, நான் ஓரத்துலேந்து பாத்துட்டே இருந்தேன், அவன் அத விட்டுட்டு இடது கார்னருக்கு கால போட்டு தொட்டுட்டு வந்தான். உள்ள எந்திரிச்சு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க, அந்தக் கைல தொடுறவன்தான், அவன்தான் முதல்ல அவுட்டாகி உக்காந்திருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. தோளத் தட்டிட்டு இடத்துல போய் நின்னாங்க. அந்த ஆட்டம் ஜெயிச்சோம், அடுத்ததுல தோத்தோம்.

பரிசு விஷயமா டோர்னமெண்ட் நடத்துற ஊர்க்காரங்க கிட்டயும் பேசலாம்னு இருக்கேன். எங்க ஊர்ல பங்குனில நடத்துறோம், அதுல சிறந்த ரெய்டர் பரிசோட சேத்து சிறந்த செயினுக்குன்னு ஒரு பரிசு, ஒரு ஆளுக்கு இல்லாம பிடிக்கு நின்ன அத்தன பேருக்கும் வைக்கலாமான்னு இளைஞர் மன்றத்துல கேட்டேன். ஏழு பேருக்கு ஏழு பரிசுன்னா காசு கூட ஆகுமேன்னு ஒருத்தர் சொன்னாரு, ஆளுக்கு ஒரு டவல் போதும்னு இன்னொருத்தர் சொன்னாரு. பேசிட்டு இருக்கோம்.

வலது கார்னர் தம்பி, ஒரு சந்தேகம். ரெண்டு பேர தொட்ட ரெய்டுல ரெண்டு பேர் உள்ள வர்றாங்க, அத ரெண்டுன்னு எழுதுறதா, இல்ல வெளிய ஒருத்தன்தான் இருந்தா ஒண்ணுன்னு எழுதுறதா?


வலது கார்னர் எழுதியது:

வெளிய எத்தன பேர் இருந்து எத்தன பேர் உள்ள வந்தாங்களோ அதத்தான் எழுதணும் அண்ணே. ஒருத்தன் மட்டும் வெளிய இருந்தா ஒண்ணு. யாருமே வெளிய இல்லாதப்ப எடுத்த பாயிண்டுக்கு இந்த நோட்டுல சைபர்தான், அது ஸ்கோர் போர்டுல இருக்கவே இருக்கு. லோனா எடுத்தா மட்டும் அந்த ஆட்டத்துல உள்ள நின்ன எல்லார் பேருலயும் ஒரு கோடு போட்டுடுங்க. பங்குனி டோர்னமெண்ட் தேதி முடிவானா சொல்லுங்க, எங்க பசங்கள கூட்டிட்டு வர்றேன், அந்த டவல எங்க ஊருக்கு எடுத்துட்டுப் போறோம்.